வண்டியும் வழியும்: தானியங்கிப் பூட்டா, காற்றுப் பூட்டா?



வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் தோட்டப்புற நண்பர்கள் கேட்கும் கேள்வியும் மாறிவிடுகிறது. வெயில் காலத்தில் எண்ணெய்ச் செலவைப் பற்றிக் கேட்பவர்கள், மழைக்காலத்தில் சேற்றைப் பற்றிக் கேட்கிறார்கள். "எங்கள் வண்டி போர்வீல்தான். ஆனாலும் செம்மண் ஏற்றத்தில் நின்றுவிடுகிறது. டிப் லாக் போடச் சொல்கிறார்கள். தானாகவே பூட்டிக்கொள்வது ஒன்று, காற்றினால் பூட்டுவது மற்றொன்று என்கிறார்கள். இரண்டில் எது நல்லது?" என்பதே அந்தக் கேள்வி.

இது பணம் சம்பந்தப்பட்ட கேள்வி மட்டுமன்று. பகலில் செம்பனைக் குலை ஏற்றும் அதே பிக்கப்தான் மாலையில் பிள்ளைகளை டியூஷனிலிருந்து அழைத்து வருகிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் அதுவே போகிறது. ஆகவே சேற்றை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. ஈரமான தார்ச் சாலையையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

சக்கரம் ஏன் சும்மா சுற்றுகிறது?

முதலில் அடிப்படையைத் தெரிந்துகொள்வோம். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். உள்பக்கச் சக்கரத்துக்குக் குறைந்த தூரமே போதும். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே உள்ள அகலம் 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை முழுதாகத் திருப்பி வந்த வழியே போனால், வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிடச் சுமார் 4.7 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். ஒரே இரும்புத் தண்டில் இரண்டையும் இறுகப் பிணைத்திருந்தால் ஏதாவது ஒரு சக்கரம் சாலையில் தேய்ந்துகொண்டுதான் திரும்ப முடியும். அந்தத் தொல்லையைத் தீர்க்கவே டிபரென்ஷியல் என்னும் பற்சக்கரப் பெட்டி வந்தது. பட்டறைகளில் 'டிப்' என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான்.

ஆனால் இதற்கு ஒரு குணம் உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கும் எப்போதும் சரிபாதி கொடுக்கும் தகப்பனைப் போன்றது இது. ஒரு பிள்ளை ஒரு காசுக்கு மேல் வாங்க மாட்டேன் என்றால், மற்றவனுக்கும் ஒரு காசுதான். ஒரு சக்கரம் சேற்றில் பிடிமானமின்றிச் சுற்றினால், அதைச் சுற்றுவதற்கு வேண்டிய சொற்ப விசைதான் கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். எஞ்சின் எவ்வளவு பெரிதாயிருந்தாலும் பயனில்லை. போர்வீல் வண்டியிலும் இதே கதைதான். முன்னே ஒன்று, பின்னே ஒன்று என இரண்டு சக்கரங்கள் வழுக்கினால் வண்டி நின்றுவிடும்.

இரண்டு சக்கரங்களையும் தேவையான நேரத்தில் ஒன்றாகப் பிணைத்துவிட்டால், பிடிமானம் உள்ள சக்கரம் வண்டியைத் தள்ளும். இந்தப் பிணைப்புதான் டிப் லாக். அதை எப்போது பிணைப்பது, யார் பிணைப்பது என்பதில்தான் இரண்டு வகைகளும் பிரிகின்றன.

தானாகப் பூட்டிக்கொள்வது

தானியங்கிப் பூட்டுக்கு வயரும் இல்லை, சுவிட்சும் இல்லை. உள்ளே பல் பதித்த இரண்டு இணைப்புகள் இருக்கும். எஞ்சினின் விசை வரும்போது அவை இறுகி இரண்டு சக்கரங்களையும் ஒன்றாக ஓட்டும். வளைவில் வெளிச் சக்கரம் வேகமாக ஓட முற்படும்போது, அந்தப் பக்கத்துப் பல் மட்டும் 'டக் டக்' என்று தாண்டி விலகிக்கொடுக்கும்.

இதிலும் இரண்டு விதம் உண்டு. 'டிட்ராய்ட் லாக்கர்' போன்றவை டிப்பின் உள்கூட்டையே மாற்றிப் போடுபவை, உறுதியானவை. 'லாக்ரைட்' போன்றவை இருக்கிற கூட்டுக்குள்ளேயே சிறு பற்சக்கரங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொருத்துபவை. பெரிய பற்சக்கரத்தின் அளவைக் கலைக்க வேண்டியதில்லை என்பதால் கைதேர்ந்த மெக்கானிக் அதிகக் கருவிகளின்றிப் பொருத்திவிடுவார். விலையும் குறைவு.

இதன் பெருமை எளிமை. கெட்டுப்போகக் குழாய் இல்லை, மோட்டார் இல்லை. எப்போது பூட்டுவது என்று ஓட்டுநர் யோசிக்கவும் வேண்டாம். சேற்றில் இறங்கிய அந்த நொடியே அது வேலை செய்யும்.

குறையும் அந்த எளிமையிலேயே இருக்கிறது. அதை நிறுத்தி வைக்க வழியில்லை. தார்ச் சாலையில் வளைவில் திரும்பிக்கொண்டே எண்ணெய் மிதியை அழுத்தினால் வண்டியைத் தள்ளுவது உள்பக்கச் சக்கரம் மட்டுமே. அது ஈரத்தில் வழுக்கிவிட்டால் இரண்டும் சட்டென்று பிணைந்துகொள்ளும். வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் இழுக்கும். மிதியிலிருந்து காலை எடுத்தாலும் ஓர் ஆட்டம் தெரியும். நீளம் குறைந்த வண்டிகளில் இது இன்னும் கூடுதல். பழகிய ஓட்டுநர் இதை உணர்ந்து வளைவில் மிதியை மெதுவாகக் கையாள்வார். பழகாதவர் பயந்துபோய்ப் பிரேக்கை மிதிப்பார்.

காற்றினால் பூட்டுவது

காற்றுப் பூட்டில் பெயர் பெற்றது ஆஸ்திரேலியாவின் 'ஏ.ஆர்.பி.' நிறுவனம். 1975இல் மெல்பர்னில் தொடங்கிய அந்த நிறுவனம், 'ராபர்ட்ஸ் டிப் லாக்' என்ற பூட்டின் உரிமையை 1987இல் வாங்கி, 'ஏர் லாக்கர்' என்ற பெயரில் உலகெங்கும் பரப்பியது.

இதன் அமைப்பு இப்படி: எஞ்சின் அறையிலோ இருக்கைக்கு அடியிலோ ஒரு சிறு காற்று அமுக்கி இருக்கும். டாஷ்போர்டில் சுவிட்சைத் தட்டினால் மின் வால்வு திறக்கும். மெல்லிய குழாய் வழியே காற்று டிப்புக்குள் சென்று ஒரு பிஸ்டனைத் தள்ளும். அது உள்ளே இருக்கும் பல்லைப் பூட்டிவிடும். சுவிட்சை அணைத்தால் காற்று வெளியேறும். ஸ்பிரிங் பூட்டைத் திறந்துவிடும். திறந்திருக்கும்போது வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தது போலவே ஓடும். பூட்டினால் இரண்டு சக்கரமும் நூற்றுக்கு நூறு ஒன்றாகும். அதே காற்று அமுக்கியால் டயருக்கும் காற்று அடித்துக்கொள்ளலாம். சேற்றுக்காகக் காற்றைக் குறைத்து ஓட்டுபவர்களுக்கு இது பெரிய உதவி.

இதன் குறை என்ன? முதலாவது செலவு. பூட்டு, அமுக்கி, வால்வு, வயர், கூலி எல்லாம் சேர்ந்தால், கூட்டுக்குள் பொருத்தும் தானியங்கிப் பூட்டைப் போலப் பல மடங்கு ஆகும். இரண்டாவது வேலை நுணுக்கம். டிப்பின் உள்கூட்டை மாற்றிப் பற்சக்கர இடைவெளியை அளவுமானி வைத்துச் சரிசெய்ய வேண்டும். காற்றுக் குழாய்க்காகக் கூட்டில் துளை போட வேண்டும். இதைக் கைக்கணக்கில் செய்கிற பட்டறைக்கு வண்டியைக் கொடுக்காதீர்கள். இடைவெளி தவறினால் டிப் ஊளையிடத் தொடங்கி, கடைசியில் பற்கள் போய்விடும். மூன்றாவது பராமரிப்பு. மரக்குச்சி கிழித்த குழாய், புகைக்குழாய்ச் சூட்டில் உருகிய குழாய், தேய்ந்துபோன ரப்பர் வளையம், இவற்றில் ஒன்று போதும் பூட்டு ஏமாற்ற. வளையம் தேய்ந்தால் காற்று டிப்புக்குள்ளேயே கசியும். எண்ணெய் மூச்சுக்குழாய் வழியே வெளியே தெறிக்கும்.

இதைக் கண்டறிய ஒரு வழி சொல்கிறேன். வண்டியை நிறுத்தி, பூட்டைப் போட்டுவிட்டுச் செவிகொடுத்துக் கேளுங்கள். காற்று அமுக்கி ஒருமுறை ஓடி அமைதியாகிவிட வேண்டும். சும்மா நிற்கும்போதே மறுபடி மறுபடி ஓடினால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

சாவி யார் கையில்?

இனி முடிவுக்கு வருவோம். பட்டறைக்காரர் "எந்த மாடல் வண்டி?" என்று கேட்பார். நான் கேட்பது வேறு: அந்த வண்டியின் சாவியை வீட்டில் எத்தனை பேர் எடுக்கிறார்கள்?

தானியங்கிப் பூட்டுள்ள வண்டியை எடுக்கும் ஒவ்வொருவரும் அதன் குணத்தை அறிந்திருக்க வேண்டும். நீங்கள் அறிந்திருக்கலாம். லைசென்ஸ் எடுத்து ஆறு மாதம் ஆன மகன் அறிவானா? மழை நாளில் பள்ளி வாசலுக்கு ஓட்டிச் செல்லும் மனைவிக்கு யாராவது சொன்னார்களா? ஆகவே இந்தப் பேச்சை வீட்டு ஆண்களோடு முடித்துவிடாதீர்கள். வண்டி ஓட்டும் பெண்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள்.

வண்டி தோட்டத்தை விட்டு அதிகம் வெளியே போவதில்லை, ஓட்டுபவர் ஒருவர்தான், வேகமும் குறைவு என்றால் பின் அச்சுக்குத் தானியங்கிப் பூட்டு சிக்கனமானது; நம்பத்தக்கது. கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் நெடுங்காலமாக மூட்டை சுமக்கும் பழைய லேண்ட்ரோவர்களை எண்ணிப் பாருங்கள். அத்தகைய வேலைக்கு இது ஏற்றதே. ஆனால் ஓர் எச்சரிக்கை: பூட்டிய அச்சில் முழு விசையும் ஒரே பக்கத் தண்டின்மேல் விழக்கூடும். பழைய லேண்ட்ரோவர்களின் பின் அச்சுத் தண்டுகள் உடைவதற்குப் பெயர் போனவை. பூட்டுப் போடும் முன் தண்டுகளைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

வாரத்தில் ஐந்து நாள் பட்டணத்திலும் நெடுஞ்சாலையிலும், ஒரு நாள் பழத்தோட்டத்திலும் ஓடுகிற குடும்ப வண்டி என்றால் காற்றுப் பூட்டுதான் தகும். கையில் பணம் இல்லையென்றால் சேர்த்து வாங்குங்கள். அவசரப்பட்டு மலிவானதைப் போடாதீர்கள்.

முன் அச்சுக்கு என்றால் கணக்கு வேறு. முன்சக்கர மையத்தில் திறந்து மூடும் பூட்டுள்ள பழைய வகை வண்டிகளில், அதைத் திறந்துவிட்டால் முன் டிப்புக்கு வேலையே இல்லை. தானியங்கிப் பூட்டு தார்ச் சாலையில் தொந்தரவு தராது. எப்போதும் நான்கு சக்கரமும் ஓடும் வண்டிகளின் முன் அச்சில் தானியங்கியை வைக்கலாகாது. ஸ்டியரிங்கோடு அது மல்லுக்கட்டும். அங்கே காற்றுப் பூட்டே பாதுகாப்பு.

இன்னொன்று. இன்றைய பிக்கப் வண்டிகள் பலவற்றில் பின் அச்சுக்கு மின்சாரப் பூட்டு தொழிற்சாலையிலேயே வருகிறது. கையேட்டைப் புரட்டிப் பாருங்கள், உங்களிடமே இருக்கலாம். வழுக்கல் கட்டுப்பாட்டுக் கருவி உள்ள புதிய வண்டிகளில் தானியங்கிப் பூட்டு அந்தக் கருவியோடு ஒத்துப்போகாமல் போகலாம். விற்பவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். உத்தரவாதமும் இன்சூரன்சும் என்னாகும் என்பதையும் விசாரித்துவிட்டே பணத்தைக் கொடுங்கள்.

பூட்டு உள்ளவர்கள் மறக்கக் கூடாதவை

1. காற்றுப் பூட்டைச் சேற்றில் இறங்கும் முன்பே போடுங்கள். சக்கரம் வெறித்துச் சுற்றும்போது போட்டால் பற்கள் நொறுங்கும்.

2. கெட்டித் தரைக்கு வந்ததும் திறந்துவிடுங்கள். திறக்க மறுத்தால் சில அடிகள் நேராக ஓட்டி, ஸ்டியரிங்கை மெல்ல இப்படியும் அப்படியும் அசையுங்கள். பூட்டோடு தார்ச் சாலையில் திரும்பினால் டயர் தேயும், அச்சும் முறியலாம்.

3. பக்கவாட்டில் சாய்ந்த வழியில் பூட்டை நம்பாதீர்கள். பூட்டாத அச்சில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றது நங்கூரம்போல் பிடிக்கும். பூட்டினால் இரண்டும் சேர்ந்து வழுக்கும். வண்டி பள்ளத்தை நோக்கிச் சரியும்.

4. ஓடையைக் கடந்த பிறகு டிப் எண்ணெயைச் சோதியுங்கள். பால் கலந்த தேநீர் போலிருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, உடனே மாற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. பூட்டு இருக்கிறதென்று எந்தச் சேற்றிலும் இறங்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. வழவழப்பான டயருக்குப் பூட்டு உதவாது. வண்டியின் வயிறு தரையில் உட்கார்ந்துவிட்டாலும் உதவாது. 1997 முதல் நம் நாட்டு மழைக்காட்டில் நடந்துவரும் 'ரெயின்பாரஸ்ட் சேலஞ்ச்' போட்டிக்கு வருபவர்கள்கூட வின்ச் கயிறு இல்லாமல் காட்டுக்குள் நுழைவதில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள் பெரியவர்கள். சக்கரத்துக்கும் அது பொருந்தும். இறங்கி நடந்து, குச்சியை ஊன்றிப் பார்த்துவிட்டு வண்டியை விடுங்கள். நல்ல டயர், நல்ல கயிறு, நிதானமான கால், இவை மூன்றும் இருப்பவருக்குத்தான் பூட்டு நாலாவது துணை.

உங்கள் வண்டி எது, எந்த மண்ணில் ஓடுகிறது, யார் யார் ஓட்டுகிறார்கள் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சேற்று டயர்களைப் பற்றிப் பேசுவோம்.