கம்பியில்லாப் பாலம்: கணக்கு உழவர் கையில் இருக்கட்டும்

வீட்டிலுள்ள இணைய இணைப்பைக் கிணற்றடிப் பம்பு செட் அறைக்கோ கோழிப்பண்ணைக்கோ கம்பி இழுக்காமல் கொண்டு செல்ல, வயர்லெஸ் பிரிட்ஜ் எனப்படும் ஜோடிக் கருவிகள் கிராமங்களுக்கும் வந்துவிட்டன. வீட்டு மாடியில் ஒன்று, தோட்டத்தில் ஒன்று. நெட்வொர்க் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. இக்கருவிகளோ தடையற்ற வெளியில் கிலோமீட்டர் கணக்கிலும் வேலை செய்யும். கருவி நல்லதே. அதனை அமைத்துத் தரும் முறைதான் சரியில்லை என்பது என் கருத்து.

பொருத்த வருபவர் கருவியைக் கட்டிவிட்டு, தமது செல்போனில் ஏதோ தட்டிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். கருவியின் முகவரி எது, கடவுச்சொல் எது என்பது உரிமையாளருக்குத் தெரிவதில்லை. பின்னர் ரூட்டரை மாற்றினாலும் அவரையே அழைக்க வேண்டும், மறுபடியும் கூலி. பூட்டை விற்றவர் சாவியைத் தம் மடியில் வைத்துக்கொண்டால் நாம் ஒப்புக்கொள்வோமா?

மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் மட்டுமே தேவையெனில், சிம் கார்டு போட்ட மொபைல் ஸ்டார்ட்டரே போதும். இந்தச் செலவு வேண்டாம். கேமராவும் வேண்டும் என்போருக்கே பிரிட்ஜ் பயன்படும்.

இதில் அமைக்க வேண்டியவை சிலவே. இரு கருவிகளையும் மாடியில் ஏற்றுமுன் மேசைமேல் வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக அமைத்தல் வேண்டும். தொழிற்சாலையிலிருந்து இரண்டும் ஒரே ஐ.பி. முகவரியுடன் வருவதுண்டு. ஒரே கதவிலக்கம் கொண்ட இரு வீடுகளுக்குத் தபால்காரர் திண்டாடுவது போல, அப்படியே இணைத்தால் குழப்பமே மிஞ்சும். வீட்டு ரூட்டரின் முகவரி 192.168.1.1 என்றால், மாடிக் கருவிக்கு 192.168.1.251, தோட்டக் கருவிக்கு 192.168.1.252 எனக் கொடுக்கலாம். முதல் மூன்று எண்கள் ஒன்றாகவும் கடைசி எண் வெவ்வேறாகவும் இருத்தல் அவசியம். சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே ரூட்டரின் முகவரி. ரூட்டர் தானாகப் பங்கிடும் எண் வரிசைக்குள் இவ்விரு எண்களும் வராதபடி பார்த்துக்கொள்ளவும்.

அப்படி முகவரி பங்கிடும் டி.எச்.சி.பி. வேலையை ரூட்டர் ஒன்றே செய்ய வேண்டும். பிரிட்ஜ் கருவிகள் இரண்டிலும் அதனை நிறுத்திவிட வேண்டும். கருவியை ரூட்டர் முறையில் விடாமல் பிரிட்ஜ் முறையில் வைப்பதும் முக்கியம். இல்லையேல் தோட்டத்துக் கேமரா தனி வலையில் அகப்பட்டு, வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. கேமரா கெட்டுவிட்டதென்று புதிதாக வாங்குமுன் இதனைச் சோதிப்பது நலம்.

ஒன்றை அக்சஸ் பாயிண்ட் ஆகவும் மற்றதை ஸ்டேஷன் ஆகவும் வைத்து, இரண்டிலும் ஒரே பெயரும் டபிள்யூ.பி.ஏ.2 பாதுகாப்புடன் ஒரே கடவுச்சொல்லும் இடவும். நிர்வாகப் பக்கத்துக்குரிய கடவுச்சொல் வேறு. தொழிற்சாலை இட்டதையே விட்டுவைத்தல் கூடாது. நாடு என்னும் இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுக்கவும். 5 கிகாஹெர்ட்ஸில் உரிமம் தேவைப்படாத அலைவரிசைகள் இங்கு 2018ஆம் ஆண்டு அறிவிப்பால் விரிவாக்கப்பட்டுள்ளன. பிற நாட்டு வரிசையை வைப்பது முறையன்று. அலை அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தால் வேகம் குறையும், இணைப்பு நிலைக்கும். இரண்டொரு கேமராவுக்கு அதுவே தாராளம்.

அமைப்பு எவ்வளவு சரியாயிருப்பினும் தென்னந்தோப்பு குறுக்கே நின்றால் பயனில்லை. ஈர மட்டை அலையை உறிஞ்சிவிடும். ஒரு கருவி மற்றதற்குக் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 500 மீட்டர் தூரத்துக்கு, நடுவழியில் நேர்க்கோட்டைச் சுற்றி ஏறத்தாழ இரண்டரை மீட்டர் வெளி இருப்பது நல்லது. கன்று நட்ட தோட்டமாயின் அது வளரப்போகும் உயரத்தையும் கணக்கிடுக. அலைவலிமை மைனஸ் 65 அளவிலோ அதைவிடப் பூஜ்யத்துக்கு நெருங்கியோ இருப்பின் திருப்தி. மைனஸ் 80 எனில் கம்பத்தை உயர்த்த வேண்டியதுதான். மின்சாரம் கொடுக்கும் அடாப்டர்களில் 24 வோல்ட்டும் உண்டு, 48 வோல்ட்டும் உண்டு. மாற்றிச் செருகினால் கருவி எரிந்துபோகக்கூடும்.

இந்த எண்களும் கடவுச்சொற்களும் பத்திரம் வைக்கும் இடத்தில் ஒரு தாளில் இருக்கட்டும். எழுதிக் கொடுத்தாலொழியப் பாக்கித் தொகை இல்லை என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஏற்கனவே பொருத்தியவர் தர மறுத்தாலும் வழியுண்டு. கருவியிலுள்ள ரீசெட் பொத்தானைப் பத்து விநாடி அளவு அழுத்திப் பிடித்தால் அது தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். பழைய அமைப்பு முழுவதும் அழிந்துவிடுமாதலால், இரு கருவிகளையும் கீழே இறக்கி, மேலே சொன்னபடி மேசைமேல் வைத்துத் தொடங்கவும்.