தோல் என்றால் மட்டமா?

சென்ற மாதம் வேலூரில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையில் வீணைக் கச்சேரி. பக்கத்தில் இருந்த பெரியவர், "தந்தி வாத்தியம் தெய்வீகம் சார். மிருதங்கம் என்ன இருந்தாலும் தோல்தானே" என்றார். கல்யாண வீட்டில் சண்டை வேண்டாம் என்று பேசாமல் இருந்தேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

தந்தியின் பெருமை என்ன? கொடிக்கயிற்றின் ஒரு முனையை ஜன்னலில் கட்டி, மறுமுனையை ஆட்டிப் பாருங்கள். முதலில் கயிறு முழுக்க ஒரே வயிறாகப் புடைக்கும். வேகத்தை இரட்டித்தால் நடுவில் ஒரு முடிச்சு அசையாமல் நிற்க, இரண்டு வயிறு. மும்மடங்கில் மூன்று. பள்ளியில் எங்களுக்குப் பிரெஞ்சில் சொல்லிக்கொடுத்த சொற்களுக்கும் முடிச்சு, வயிறு என்றுதான் பொருள். இரு முனையும் கட்டிய தந்தியில் இரண்டரை வயிறு நிற்க இடமில்லை. அதனால் அதிலிருந்து எழும் ஒலிகளின் அதிர்வெண்கள் 1, 2, 3, 4 என்று முழு எண் விகிதத்தில் இருக்கும். சுருதி சேர்வது அதனால்தான்.

வட்டமாக இழுத்துக் கட்டிய வெறும் தோலில் விகிதம் 1, 1.59, 2.14, 2.30 என்று போகும். சத்தம் வரும், சுருதி நிற்காது. பெரியவர் சொன்னது இதுவரை சரி.

ஆனால் மிருதங்கம் வெறும் தோல் இல்லை. வலந்தலையின் நடுவில் சோற்றையும் கருமையான கல்லின் பொடியையும் பிசைந்து, மெல்லிய பூச்சாகப் பல முறை தடவித் தேய்த்து ஏற்றுகிறார்கள். இதன் விளைவை ஆராய்ந்தவர் சர் சி.வி. ராமன். 1907 முதல் 1917 வரை நம்மைப் போல அரசாங்க உத்தியோகத்தில், நிதித் துறையில் இருந்தவர். 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழிலும், 1934-இல் விரிவாகவும் எழுதினார். அந்தக் கரும்பூச்சால் தோலின் ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து சுருதிகளாகச் சேர்கின்றன. அந்த ஐந்தும் 1, 2, 3, 4, 5 என்ற விகிதத்தில் நிற்கின்றன. அதாவது தோல், தந்தியைப் போலவே பாடுகிறது.

தந்திக்கு இந்த ஒழுங்கு இயற்கை கொடுத்தது. தோலுக்குக் கொடுத்தது மனிதன் கை. பூச்சு எவ்வளவு கனம், எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் தோலைத் தொட்டு, தட்டி, கேட்டுக் கண்டவை. தொட மாட்டேன் என்றவர் கண்டுபிடித்திருக்க முடியாது. "நம் முன்னோர் விஞ்ஞானம்" என்று மார்தட்டுகிறோமே, அந்த முன்னோர் யார் என்று மட்டும் கேட்பதில்லை.

தந்தி மட்டும் சுத்தமா? வயலின் தந்தி ஒரு காலத்தில் ஆட்டுக்குடலில் திரித்தது. யாழின் தந்திக்குத் தமிழில் பெயரே நரம்பு.

வித்வானுக்கு மரியாதை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது; வாசிப்பவருக்கு. பாலக்காடு மணி ஐயரை அறியாத ரசிகர் இல்லை. அவருக்கு மிருதங்கம் செய்த பர்லாந்தை எத்தனை பேர் அறிவோம்? டி.எம். கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று புத்தகம் எழுதித்தான் பலருக்குத் தெரிந்தது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலால் சோறு உண்ணும் ஊர்க்காரர்கள் நாம். நாமே தோல் மட்டம் என்று பேசலாமா? அடுத்த கச்சேரியில் வித்வான்கள் பெயரைச் சொல்லும்போது, மிருதங்கம் செய்தவர் பெயரையும் மைக்கில் சொல்லுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.