ஜெப விண்ணப்பமாகிப்போன இரகசியம்



நான் முன்பு ஊழியம் செய்த சபையொன்றில் நடந்ததை இவ்வாரம் உங்களுக்கு எழுதுகிறேன். இதில் வருகிற பிள்ளை இப்போது வேறோர் ஊரில் கல்லூரியில் படிக்கிறாள். அவளிடம் கேட்டு, அவள் சம்மதித்த பின்னரே எழுதத் துணிந்தேன். இதை ஏன் முதலிலேயே சொல்லுகிறேன் என்பது போகப்போக விளங்கும்.

அப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பு. பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவள் பின்வரிசைக்குப் போனாள். பிறகு வருவதையே நிறுத்திவிட்டாள். ஒருநாள் அவளுடைய தாயார் கலங்கிய முகத்தோடு வந்து, "ஐயா, ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணி வரைக்கும் போன்ல யாருக்கோ எழுதிட்டே இருக்கா. யாருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறா" என்றார். எல்லாரும் நினைப்பதையே நானும் நினைத்தேன். கண்டிப்பான ஓர் அறிவுரையை ஆயத்தப்படுத்திக்கொண்டு பிள்ளையை வரச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் கைப்பேசியைத் திறந்து என் மேசைமேல் வைத்தாள். மறுமுனையில் இருந்தது மனுஷரே அல்ல. மனநலச் செயலி ஒன்று. "இன்று உன் மனம் எப்படி இருக்கிறது?" என்று அது கேட்டிருக்கிறது, இவள் பக்கம் பக்கமாய்ப் பதில் எழுதியிருக்கிறாள்.

"அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே, என்னிடமாவது சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"இது யார்கிட்டயும் சொல்லாது, ஐயா."

இத்தகைய செயலிகளை அவிசுவாசத்தின் கருவி என்று நம்மில் சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நான் அப்படி எண்ணவில்லை. பெங்களூருவில் உருவான வைசா போன்றவை செய்கிற காரியம் எளிமையானது. வருத்தும் எண்ணத்தை எழுதச் சொல்லுகின்றன. அந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்ன என்று கேட்கின்றன. அதை வேறு விதமாய் நோக்கப் பழக்குகின்றன. மூச்சை நிதானப்படுத்தக் கற்றுக்கொடுக்கின்றன. மனநல மருத்துவர்கள் நெடுங்காலமாய்ப் பயன்படுத்தும் முறைதான் இது. பத்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ளவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதோவொரு மனநலக் கோளாறோடு வாழ்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 35 பேர் வருகிற வாலிபர் கூட்டத்தில் ஐந்து பேர் என்று கணக்கிட்டுப் பாருங்கள். அந்த ஐவரின் பெயர் நமக்குத் தெரியுமா?

ஆனாலும், "யார்கிட்டயும் சொல்லாது" என்று அவள் நம்பியதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்றொரு நிறுவனம் உண்டு. இணையவழியில் ஆலோசகர்களோடு பேசவைப்பது அதன் தொழில். வாலிபப் பிள்ளைகளுக்கென்று டீன் கவுன்சலிங், கிறிஸ்தவர்களுக்கென்று ஃபெயித்ஃபுல் கவுன்சலிங் என்று தனித்தனிப் பெயர்களிலும் அது சேவை நடத்தியது. உதவி தேடி வந்தவர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும், கேள்விப் படிவத்தில் அவர்கள் எழுதிய விவரங்களையும், இரகசியமாய்க் காப்போம் என்று வாக்களித்துவிட்டு விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்நாப்சாட் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுத்தது என்று அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் 2023இல் குற்றஞ்சாட்டியது. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 78 இலட்சம் டாலர் செலுத்த இணங்கியது. விசுவாசிகள் என்று நம்பி வந்தவர்களின் கண்ணீரும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது.

வேறொரு குறையும் உண்டு. 2018இல் பிபிசி செய்தியாளர், பாலியல் கொடுமைக்குள்ளான பன்னிரண்டு வயதுச் சிறுமி எழுதுவதுபோல வைசாவிலும் வூபாட் என்ற செயலியிலும் எழுதிப் பார்த்தார். இரண்டுமே ஆபத்தை உணரவில்லை. உடனே உதவியை நாடு என்று சொல்லவில்லை. பின்னர் திருத்தங்கள் செய்தார்கள் என்பது உண்மைதான். அந்த வூபாட் 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தோடு மூடப்பட்டது. இரவுதோறும் பேசிவந்த தோழமை ஒருநாள் இல்லாமற்போனால் ஒரு பிள்ளை என்ன செய்யும்?

அமெரிக்கச் செய்தியை அன்றைக்கே அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். ஒரு வழக்கில் ஜெயித்தவனைப்போலச் சொன்னேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அவள் பொறுமையாய்க் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "போன வருஷம் எனக்குப் பயமா இருக்கு, தூக்கம் வரலைன்னு அம்மாகிட்ட சொன்னேன். மறுநாள் பெண்கள் ஐக்கிய சங்க வாட்ஸ்அப் குரூப்ல ஜெப விண்ணப்பமா வந்துருச்சு. ஞாயிற்றுக்கிழமை நீங்களும் பேர் சொல்லி ஜெபிச்சீங்க. அடுத்த நாள் ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும், ஐயா."

நான் ஜெபித்தது எனக்கு நினைவிலேயே இல்லை.

அன்பானவர்களே, அந்த நிறுவனம் வாக்கு மீறியது காசுக்காக. நாம் அன்பினால் செய்கிறோம். அதனாலேயே நமக்குக் குற்றவுணர்வும் வருவதில்லை. ஆனால் காயப்பட்ட பிள்ளைக்கு அந்த வேறுபாடு தெரியப்போவதில்லை. தேர்வில் தோற்றவன், மாத்திரை உட்கொள்ளுகிறவள், தகப்பனின் குடியால் உறங்காதவன் என்று எத்தனை பிள்ளைகளின் உள்ளத்தை "பாரத்தோடு ஜெபியுங்கள்" என்ற தலைப்பில் நாம் ஊருக்குத் திறந்து காட்டியிருக்கிறோம்!

சீலோவின் ஆலயத்தில் அன்னாள் நின்ற காட்சியை நினைத்துப் பாருங்கள். உதடுகள் அசைந்தன, சத்தமோ கேட்கவில்லை. ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடித்து வெறித்தவள் என்று எண்ணிக் கடிந்துகொண்டான். என் மேசையருகே நானும் அதையே செய்தேன். ஆனால் ஏலி தன் தவற்றைத் திருத்திக்கொண்ட விதத்தை நான் வெகுகாலம் கவனியாமலே பிரசங்கித்திருக்கிறேன். அவள் மனக்கிலேசமுள்ளவள் என்று அறிந்தவுடன், "உன் விண்ணப்பம் என்ன?" என்று அவன் விசாரிக்கவில்லை. அது இன்னதென்று அறியாமலே அவளை ஆசீர்வதித்து அனுப்பினான். குழந்தையைக் கொண்டுவந்து, "இந்தப் பிள்ளைக்காகத்தான்" என்று அவளே பின்னாளில் வாய்திறந்து சொன்னாள். சொல்லும் வேளையைத் தெரிந்துகொண்டது அவள்தான்.

எல்லாவற்றையும் மூடிவைக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஒரு பிள்ளை தன் உயிரை மாய்க்க எண்ணுவதாய்ச் சொன்னால் அதை மறைத்துவைப்பது அன்பல்ல. யாரேனும் அவளிடம் தகாதவிதமாய் நடந்ததாய்ச் சொன்னால், போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது கடமை. அந்த யாரேனும் நம் சபையின் மூப்பராயிருந்தாலும் சரி. ஆகையால் "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்ற வாக்கை இப்போது நான் எந்தப் பிள்ளைக்கும் கொடுப்பதில்லை. "உன் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்திருந்தால் மட்டும், உனக்குத் தெரிவித்துவிட்டு, உதவக்கூடியவர்களிடம் சொல்வேன், மற்றபடி உன் அம்மாவுக்கும் என் மனைவிக்கும்கூடத் தெரியாது" என்கிறேன். அப்படிச் சொல்லத் தொடங்கிய பிறகுதான் சிலர் பேசுகிறார்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவையை இரவும் பகலும் இலவசமாய் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். குழந்தைகள் உதவி எண் 1098. இவ்விரண்டையும் வாலிபர் கூட்ட அறையின் சுவரில் எழுதிவைக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெற்றோரே, பிள்ளையின் கைப்பேசியில் அப்படியொரு செயலியைக் கண்டால் பிடுங்காதீர்கள். அதன் விதிமுறைகளை அவளோடு உட்கார்ந்து வாசியுங்கள். எழுதுவது எங்கே போகிறது என்று இருவருமாய்ப் பாருங்கள். இனி நம் சபையின் எந்தக் குழுவிலும், அந்தப் பிள்ளையே கேட்டாலன்றி, பதினெட்டு வயதுக்குட்பட்டவர் பெயரில் ஜெப விண்ணப்பம் இடம்பெறாது. ஆராதனையிலும் அப்படியே. பெயர் சொல்லாவிட்டால் யாருக்காக ஜெபிக்கிறோம் என்று எப்படித் தெரியும் என்று ஒரு மூத்த சகோதரி கேட்டார். கேட்கிறவருக்குத் தெரியும், அம்மா.

இக்கட்டுரையை முடித்தபின் அந்தப் பிள்ளைக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள். எடுத்துவிட்டேன்.