முத்திரையைப் படித்தால் போதுமா?

நம்மில் ஒருவன் கையில் பழைய மடக்குக் கத்தி ஒன்று கிடைத்தால் முதலில் என்ன செய்வான்? அலகின் அடியில் முத்திரையைத் தேடுவான். 'ஷெஃபீல்டு' என்று இருந்துவிட்டால் போதும். "டேய், இது ஷெஃபீல்டு ஸ்டீல்டா!" என்று தீர்ப்பே சொல்லிவிடுவான். நானும் அப்படிச் சொன்னவன்தான். அதன் பலனாக ஒரு நல்ல கத்தியைக் கெடுத்தவனும் நான்தான். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

பரங்கிப்பேட்டையில் என் தாத்தா கிழிந்த வலையைச் சரிசெய்யும்போது பக்கத்திலேயே வைத்திருந்த கத்தி அது. கொம்புப் பிடி, கறுத்துப்போன அலகு. "எங்கப்பா காலத்துக் கத்தி, பத்திரம்ப்பா" என்று சொல்லித்தான் கொடுத்தார். ஒர்க்‌ஷாப்பில் அதைக் காட்டினேன். ஒருவன் ஸ்டெயின்லெஸ் என்றான். இன்னொருவன் காந்தத்தை வைத்துப் பார்த்து, "ஒட்டுதே, அப்ப ஸ்டெயின்லெஸ் இல்ல" என்றான். சண்டையைத் தீர்க்க நான் நுனியை பெஞ்ச் கிரைண்டரில் வைத்தேன். பொறி பறந்தது. பூப்பூவாய் வெடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். கத்தியைத் திருப்பிப் பார்த்தால் நுனியில் அரை அங்குலம் நீலம் பாய்ந்திருந்தது.

அதற்குப் பிறகு எவ்வளவு தீட்டியும் அந்த இடத்தில் கூர் நிற்கவே இல்லை. தாத்தா திட்டவில்லை. விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பதம் போயிடுச்சுப்பா" என்றார். அவ்வளவுதான்.

டெம்பரிங் பற்றி பரீட்சையில் ஒன்றரைப் பக்கம் எழுதியவன் நான்! கார்பன் ஸ்டீல் கத்தியைக் கடினப்படுத்திய பிறகு 200 டிகிரி சென்டிகிரேடை ஒட்டித்தான் டெம்பர் செய்வார்கள். வைக்கோல் நிறம் வருவது 220-230 டிகிரியில். நீலம் வந்துவிட்டால் சூடு 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அலகு மெதுவாகிவிட்டது, அவ்வளவே. படித்தது எல்லாம் தாளில் இருந்தது, கையில் இல்லை.

அன்று நாங்கள் செய்த தவறுகளைப் பாருங்கள். முத்திரையை நம்பினோம். ஷெஃபீல்டும் சோலிங்கனும் ஊர்ப் பெயர்கள். ஸ்டீலின் பெயர்கள் அல்ல. காந்தத்தை நம்பினோம். கத்திக்குப் பயன்படும் ஸ்டெயின்லெஸ் கடினப்படுத்தக்கூடிய வகை. அதுவும் காந்தத்தில் ஒட்டும். ஒட்டாதது 18/8 எவர்சில்வர் பாத்திர வகை. ஆக, காந்தம் இங்கே எதையும் சொல்லாது. கடைசியாக, கெடுக்கும் சோதனையை முதல் சோதனையாகச் செய்தோம்.

உண்மையில் பதில் எங்கள் கண் முன்னாலேயே இருந்தது. அலகு கறுத்திருந்ததே! எலுமிச்சையும் மாங்காயும் அறுத்தால் கறுப்பது சாதாரண கார்பன் ஸ்டீல். சந்தேகம் இருந்தால் ஓர் ஓரத்தைத் துடைத்துப் பளபளப்பாக்கி, ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, பத்து நிமிடம் கழித்துப் பார்க்கலாம். சாம்பல் கறை விழுந்தால் கார்பன் ஸ்டீல். விழாவிட்டால் குரோமியம் இருக்கலாம். காலத்தையும் யோசிக்கலாம். ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை உருக்கியது 1913-இல். அதற்கு முந்தைய கத்தி என்றால் ஸ்டெயின்லெஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. பொறி பார்த்தே தீரவேண்டும் என்றால், பிடிக்குள் மறையும் பகுதியில் ஒரு நொடி மட்டும் தொட்டு எடுத்து, பக்கத்திலேயே ஒரு பழைய அரத்தின் பொறியோடு ஒப்பிட வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகு நாம் என்ன சொல்லலாம்? "கார்பன் அதிகமுள்ள, கடினப்படுத்திய ஸ்டீல்" என்று சொல்லலாம். கிரேடு பெயர் சொல்ல முடியாது. ராக்வெல் மெஷின்கூடக் கடினத்தைத்தான் சொல்லும், கலவையைச் சொல்லாது. கையில் பிடிக்கும் எக்ஸ்-ரே கருவி குரோமியத்தைக் காட்டும், கார்பனைக் காட்டாது. முழுக் கலவையும் வேண்டுமென்றால் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும். அதுவும் அலகில் ஒரு சிறு வடு வைக்கும்.

ஒரு முத்திரைக்குள் எவ்வளவு மறைந்திருக்கும் என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற பஸ்ஸில் பு.முட்லூரில் இறங்கினால் கிழக்கே பரங்கிப்பேட்டை. அங்கே ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830 வாக்கில் மரக்கரி எரித்து இரும்பு உருக்கும் ஆலை தொடங்கினார். பின்பு அதே ஹீத், உருக்கும்போது மாங்கனீஸ் சேர்த்தால் நல்ல ஸ்டீல் கிடைக்கும் என்று 1839-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். விலை கூடிய சுவீடன் இரும்பை நம்பியிருந்த ஷெஃபீல்டு பட்டறைகளுக்கு அது பெரிய லாபம். ஹீத்துக்குக் கிடைத்ததோ வழக்குகள்தான். பரங்கிப்பேட்டை ஆலையும் அந்த நூற்றாண்டு முடியும் முன்பே மூடப்பட்டது. எந்த ஊர் இரும்பு, எவ்வளவு மாங்கனீஸ், யாருடைய யோசனை... இதில் எதையாவது முத்திரை சொல்கிறதா? விற்றவன் பெயரைத்தான் சொல்கிறது. என் தாத்தாவின் கத்தியில் ஹீத்தின் முறை இருக்கிறதா? இருக்கிறது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் ஆசை சோதனை ஆகாது.

ஆகவே என் கருத்து இதுதான். நமக்கு லேபில் கொடுப்பதெல்லாம் பெயர் தெரிந்த துண்டுகள். முடிவை முன்பே தெரிந்துகொண்டு ரீடிங் எழுதுகிறோம். வருடத்துக்கு ஒரு பீரியடாவது பெயர் தெரியாத ஒரு பழைய பொருளைக் கொடுத்து, "கெடுக்காமல் கண்டுபிடி, தெரிந்த வரைக்கும் மட்டும் எழுது" என்று சொல்லட்டும். மாணவர் மன்றம் இதைக் கேட்டுப் பெறவேண்டும். நாளை நம் கையில் வரப்போவது தாத்தாவின் கத்தி மட்டுமல்ல. பாய்லர் குழாயும் கிரேன் கொக்கியும் வரும். அங்கே முத்திரையைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால், பதம் போவது கத்திக்கு மட்டுமாக இருக்காது.

அந்தக் கத்தி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நீல நுனியை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.