ஐந்து நிமிஷம்தானே!

சென்ற இதழில் எலுமிச்சை ஊறுகாயில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க வழி எழுதியிருந்தேன். உப்பை வறுத்துப் போடச் சொன்னதற்கு இத்தனை சகோதரிகள் பதில் எழுதுவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. இந்தத் தடவையும் சமையல்கட்டுச் சமாசாரம் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மனசில் ஒரு முள் கிடந்து உறுத்துகிறது. அதை எடுத்துப் போட்ட பிறகுதான் அடுப்பங்கரைப் பக்கம் போக முடியும் போலிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் என் மாமியாருக்குக் கண்ணில் புரை ஆபரேஷன். எங்கள் ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. காலையில் அவரும் நானும் அத்தையைக் காரில் கூட்டிக்கொண்டு போனோம். வாசலில் எங்களை இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்திவிட்டு அவர் மேலே வந்துவிட்டார். பதினோரு மணிக்கு என் நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, கீழேதான் நிக்கிறேன். வண்டி விட இடமில்லை. நீங்க கொஞ்சம் வர்றீங்களா?"

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிப் போய்விட்டன. காலுக்குக் காலிப்பர், கைக்கு ஊன்றுகோல். அதோடு படித்து, வேலைக்குப் போய், சொந்தச் சம்பாத்தியத்தில் நிற்கிறாள். பின்னால் இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில்தான் ஊர் முழுக்கச் சுற்றுவாள்.

கீழே போனேன். நல்ல வெயில். அவள் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசல் ஓரமாக, தரையில் நீலப் பெயிண்டில் சக்கர நாற்காலிப் படம் போட்ட இடம் இருக்கிறது. அதில் ஒரு கார் நின்றுகொண்டிருந்தது.

எனக்கு வந்ததே கோபம்! "படிச்சவங்கதானே, கண்ணு தெரியலையா? எவன் இவன்?" என்று வாட்ச்மேனைப் பிடித்துச் சத்தம் போட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் நானும் கார் நம்பரைப் பார்த்தேன்.

எங்கள் கார்தான்.

சகோதரிகளே, அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவரைக் கூப்பிட்டேன். ஓடி வந்தார். "காலியாத்தான் இருந்துச்சு. அஞ்சு நிமிஷம்தானேன்னு விட்டேன். அப்புறம் டாக்டர், பில்லுன்னு மறந்துபோச்சு" என்றார். ஐந்து நிமிஷம் மூன்று மணி நேரமாகியிருந்தது. அவர் கெட்ட மனுஷர் இல்லை. தங்கை மேல் உயிரையே வைத்திருப்பவர்தான். ஆனாலும் தரையில் இருந்த அந்தப் படம் அவர் கண்ணில் படவில்லை. எனக்கும் படவில்லையே! காலையில் அதே இடத்தைத் தாண்டித்தானே நானும் உள்ளே போனேன்?

என் நாத்தனார் அண்ணனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயந்திரம் காப்பி குடிக்கும்போதுதான் சாதாரணமாகச் சொன்னாள்: "அம்மாவுக்கு ஆபரேஷன்ங்கிறதால கூப்பிட்டேன் அண்ணி. இல்லேன்னா பேசாம திரும்பிப் போயிருப்பேன்."

"அடிக்கடி அப்படித் திரும்பிப் போவியா?" என்று கேட்டேன்.

சிரித்தாள். "உங்க பொண்ணுக்கு நகை எடுக்க வந்தப்போ கூட்டம் பிடிக்காதுன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா? கடை வாசல் வரைக்கும் வந்துட்டுத்தான் போனேன்."

அவளுக்குக் கடை கண்ணி பிடிக்காது, கூட்டம் ஆகாது என்றுதான் இத்தனை வருஷம் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். எத்தனை வாசலில் இருந்து அவள் திரும்பிப் போயிருக்கிறாளோ! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாளே அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் சொன்னதையும், நானாகத் தேடிப் படித்ததையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

அந்த நீலப் படத்தை வரைந்தவர் டென்மார்க் நாட்டுப் பெண், சுசான் கோஃபோட். 1968-ல் மாணவியாக இருந்தபோது வரைந்தார். அவர் வரைந்ததில் வெறும் நாற்காலிதான் இருந்ததாம். நாற்காலி மட்டும் போதுமா, அதில் உட்காருகிற மனுஷர் வேண்டாமா என்று பிறகு ஒரு வட்டத்தைத் தலையாகச் சேர்த்தார்கள். இன்றைக்கு உலகம் பூராவும் அதே படம்தான்.

அந்த இடம் ஏன் அவ்வளவு அகலம்? சாதாரணமாக ஒரு கார் நிறுத்த இரண்டரை மீட்டர் அகலம் போதும். இவர்களுக்கு 3.6 மீட்டர், அதாவது சுமார் 12 அடி வேண்டும் என்று நம் நாட்டுக் கட்டட விதிகளே சொல்கின்றன. வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதும் விதி. "இவ்வளவு இடம் வீணாக் கிடக்கே, ஒரு ஸ்கூட்டரைச் செருகினா என்ன?" என்று நாம் நினைப்போம். அது வீணாகக் கிடக்கிற இடமில்லை. கார்க் கதவை முழுசாகத் திறந்து, பக்கத்தில் சக்கர நாற்காலியை விரித்து வைத்து, அதில் மாறி உட்காருவதற்கான இடம். அங்கே யாராவது வண்டியைச் செருகிவிட்டால் வந்தவர் இறங்க முடியாது. அதைவிட மோசம், இறங்கிப் போனவர் திரும்பி வந்து ஏற முடியாது.

என் நாத்தனாருடைய ஸ்கூட்டர் விஷயம் வேறு. நாமானால் ஸ்கூட்டரைக் காலால் உந்திப் பின்னால் தள்ளுவோம். அவளால் அது முடியாது. ரிவர்ஸ் கியர் வைத்த வண்டிகளும் உண்டு. அவள் வண்டியில் இல்லை. இரண்டு பக்கமும் வண்டிகளை நெருக்கி நிறுத்திவிட்டால், முன்பின் தெரியாத யாரையாவது கூப்பிட்டு, "அண்ணா, கொஞ்சம் இழுத்து விடுங்க" என்று ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டும். "கேக்கிறதுல வெட்கமில்லை அண்ணி. ஆனா நாளைக்கு நாலு தடவைன்னா அலுத்துப் போகும்" என்றாள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1995-ல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2016-ல் மாற்றுத் திறனாளிகள் உரிமைகள் சட்டம் வந்தது. முன்பு 7 வகைக் குறைபாடுகள்தான் கணக்கில் இருந்தன. புதுச் சட்டத்தில் 21. பஸ் நிலையம், ரயில் நிலையம், விமான நிலையங்களில் வண்டி நிறுத்துமிடமும் அவர்களுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. பொது இடத்தில் ஒருவரை வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 6 மாதம் முதல் 5 வருஷம் வரை ஜெயில் என்றும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் இவர்கள் வண்டிக்கு இருந்த பழைய ஆங்கிலப் பெயரைக்கூட 2019-ல் மாற்றினார்கள். 'செல்லாதவர் வண்டி' என்கிற மாதிரி இருந்தது, 'மாற்றி அமைத்த வண்டி' என்று ஆகியிருக்கிறது. காகிதத்தில் பெயர் மாறிவிட்டது. நம் வாயில் மாற வேண்டாமா?

ஏனென்றால் இடத்தைப் பிடிப்பதைவிட வாய்ச்சொல் வலிக்கிறது. சிக்னலில் நிற்கும்போது, "இந்தக் காலை வச்சுக்கிட்டு எதுக்கும்மா வண்டி? வீட்டுல இருக்கக் கூடாதா?" என்று கேட்டவர்கள் உண்டாம். "கூட ஆம்பிளை யாரும் வரலையா?" என்பார்களாம். ஒரு தடவை கோயில் வாசலில் வண்டியில் உட்கார்ந்து பூக்காரம்மாவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு புண்ணியவதி பத்து ரூபாய் நோட்டை மடியில் போட்டுவிட்டுப் போனாளாம். கவர்மெண்ட் சம்பளம் வாங்குகிறவள்! சொல்லும்போது சிரித்தாள்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் புண்ணியவதி இடத்தில் நானே இருந்திருக்கலாம்.

இன்னொரு விதமும் உண்டு. அந்த இடத்தில் காரை நிறுத்திவிட்டு ஒருவர் இறங்கி நடந்து போனால், "நல்லாத்தானே நடக்கிறார், ஏமாத்துறார்" என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடுவோம். பேண்டுக்குள் இருப்பது செயற்கைக் காலாக இருக்கலாம். பத்தடி நடப்பார், நூறடி நடக்க முடியாது. எல்லாக் குறையும் வெளியே தெரியாது. நம் வேலை அந்த இடத்தில் நாம் நிறுத்தாமல் இருப்பதுதான். வந்தவரை விசாரணை செய்வது நம் வேலை இல்லை.

நம் ஊரில்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 1971-லிருந்தே இவர்களுக்கு வண்டியில் வைக்க ஒரு அட்டை கொடுக்கிறார்கள். முதலில் ஆரஞ்சு நிறம், 2000-த்திலிருந்து நீலம். அங்கேயும் பாட்டியின் அட்டையை வைத்துக்கொண்டு பேரன் கடைக்குப் போவது நடக்கிறது. பிடிபட்டால் 1000 பவுண்டு வரை அபராதம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் இந்த இடத்தில் காரை நிறுத்தினால் 250 டாலருக்குக் குறையாமல் அபராதம். மனசு இருக்கிற இடத்திலும் அபராதம் தேவைப்படுகிறது என்று தெரிகிறது.

"போலியோதான் ஒழிஞ்சு போச்சே, இனிமே யாருக்கு இந்த இடம்?" என்று ஒரு பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டாள். இயற்கையாகப் பரவும் போலியோ 2011 ஜனவரிக்குப் பிறகு நம் நாட்டில் யாருக்கும் வரவில்லை. 2014-ல் நம் நாட்டுக்குச் சான்றிதழும் கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் சர்க்கரை வியாதியில் காலை எடுக்கிறவர்கள் எத்தனை பேர்? பக்கவாதம், ரோட்டு விபத்து, முதுகில் அடி? அந்த நீலக் கட்டம் நமக்குச் சம்பந்தமில்லாத யாருக்கோ போட்டது இல்லை. நம் வீட்டில் நாளைக்கே ஒருவருக்கு வேண்டியிருக்கலாம்.

மறுவாரம் மாமியாரைக் காட்டப் போனபோது, அவரே ஆஸ்பத்திரி ஆபீசில் போய்ப் பேசினார். அவர்களும் நல்லபடியாகக் கேட்டுக்கொண்டு, அந்த இடத்தில் ஆரஞ்சு நிற கோன் இரண்டு வைத்துச் சங்கிலி கட்டினார்கள். எங்களுக்கு ஏகப் பெருமை. நாத்தனாரிடம் சொன்னால், "நல்லதுதான் அண்ணா. ஆனா அந்தச் சங்கிலியை யார் எடுப்பாங்க? நான் இறங்கி எடுத்துட்டு, திரும்ப ஏறி வண்டியை உள்ளே விடணுமா?" என்கிறாள்! எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை பாருங்கள். யாருக்காகச் செய்கிறோமோ அவர்களைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்பது அன்றைக்குத்தான் புத்தியில் ஏறியது. இப்போது சங்கிலி இல்லை. அந்த இடத்தைப் பார்த்துக்கொள்வது வாட்ச்மேன் பொறுப்பு.

நாம் செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றுமில்லை:

1. வண்டி ஓட்டுவது வீட்டுக்காரரோ பிள்ளையோ, யாராக இருந்தாலும், நிறுத்துமுன் தரையைப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நமக்கும் கண் இருக்கிறது.

2. "நான் வண்டியிலேயேதான் இருக்கேன், வந்தா எடுத்துடுவேன்" என்பதும் வேண்டாம். இடம் அடைத்திருப்பதைப் பார்த்தவர் உங்களிடம் வந்து கேட்கமாட்டார். திரும்பிப் போய்விடுவார்.

3. சரிவுப் பாதையின் வாயில் வண்டியையோ செருப்பையோ பூந்தொட்டியையோ வைக்காதீர்கள். வீட்டு விசேஷத்துக்கு மண்டபம் பார்க்கும்போது படியையும் சரிவையும் பாருங்கள்.

4. பக்கவாட்டுச் சக்கரம் வைத்த ஸ்கூட்டருக்கு இரண்டு பக்கமும், பின்னாலும் இடம் விட்டு நிறுத்துங்கள்.

5. உதவி செய்யத் தோன்றினால் முதலில் கேளுங்கள். "வேண்டாம்" என்றால் விட்டுவிடுங்கள். ஊன்றுகோலையோ வண்டியையோ கேட்காமல் பிடித்து இழுத்தால் அவர்கள் விழுந்துவிடக்கூடும்.

6. "பாவம்" என்கிற வார்த்தையைக் குழந்தைகள் முன்னால் சொல்லாதீர்கள். அவர்கள் நம்மைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பெண்ணுக்குப் புடவை எடுக்கப் போனோம். இந்தத் தடவை நான் முதல் நாளே கடைக்குப் போன் செய்து, வண்டி விட இடம் உண்டா, படி எத்தனை, லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டேன். என் நாத்தனாரும் வந்தாள். கூட்டம் பிடிக்காது என்று நாங்கள் நினைத்திருந்தவள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, கடைக்காரப் பையன் களைத்துப் போகிற வரைக்கும் புடவைகளைப் பிரிக்கச் சொல்லிப் பார்த்தாள். நான் எடுத்த கலரைப் பார்த்து, "அண்ணி, இது என்ன, ஜன்னல் திரைக்கு எடுக்கிறீங்களா?" என்று கேலி வேறு!

கடைசியில் அவள் பொறுக்கிய மாம்பழக் கலரைத்தான் எடுத்தோம். இத்தனை வருஷம் இவள் இல்லாமல் எடுத்த புடவைகளை நினைத்துக்கொண்டேன்.

அடுத்த இதழில் நிச்சயமாக வடாம், வற்றல் சமாசாரம்.