வரிக் குறைப்பு: ஒரே விகிதம், ஒரே சுமையா?

புதுதில்லி: புதிய வரி முறையில் ஆண்டுக்கு ரூ.12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்ற 2025-26 பட்ஜெட் அறிவிப்பு நடுத்தர வகுப்பினருக்குப் பெரும் நிம்மதி அளித்தது. இதனால் அரசுக்குச் சுமார் ரூ.1 லட்சம் கோடி வருவாய் குறையும் எனக் கணிக்கப்பட்டது. ஆனால், ஏற்கெனவே வருமான வரி வரம்புக்குள் வராத தினக்கூலித் தொழிலாளிக்கு இதில் நேரடிப் பலன் இல்லை.

அவர் செலுத்துவது ஜிஎஸ்டி. வருமான வரி விகிதம் வருமானத்துக்கேற்ப 30 சதவீதம் வரை உயர்கிறது. ஜிஎஸ்டியோ வாங்குபவரின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. ஒரு சோப்புக்குத் தொழிலாளியும் கோடீஸ்வரரும் ஒரே வரியைச் செலுத்தினாலும், வருமானத்தில் அதன் பங்கு தொழிலாளிக்கே அதிகம்.

2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை மீதான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வருமான வரிச் சலுகை எட்டாத குடும்பங்களுக்கு, கடைகளில் விலை குறைந்தால் மட்டுமே இச்சலுகை சென்றுசேரும்.