‘நோ’ சொன்னா நம்பலாம்!

நெட்டுக்குத்தலா ஒரு கோடு. அதை வெட்டுற மாதிரி குறுக்கே குட்டியா இன்னொரு கோடு. ∤... டிஸ்க்ரீட் மேத்ஸ் புக்ல இந்த ஆளைப் பார்த்திருப்பீங்க. பிரின்டிங் மிஸ்டேக் இல்லை பாஸ், ‘வகுக்காது’ன்னு அர்த்தம்!

3 | 12 என்றால், 3 என்பது 12-ஐ மீதியில்லாமல் வகுக்கும். 3 ∤ 10 என்றால் வகுக்காது; மீதி 1 நிற்கும். அவ்ளோதான் மேட்டர். ஆனா, ரெண்டு இடத்துல உஷாரா இருக்கணும். ஒண்ணு, இது பின்னம் இல்லை. 10/3 ஒரு எண். 3 ∤ 10 ஒரு வாக்கியம். ‘உண்மையா, பொய்யா?’ன்னு கேட்கலாம். ‘விடை எவ்ளோ?’ன்னு கேட்கக் கூடாது. ரெண்டாவது, இடம் மாறினா அர்த்தமும் மாறும். 4 | 12 சரி. அதுவே 12 ∤ 4.

‘வகுக்கலைன்னா விட்டுத் தள்ளு, இதுக்கு எதுக்குத் தனியா ஒரு சிம்பல்?’னு கேட்கிறீங்களா? இந்த ‘இல்லை’க்குத்தான் கணக்குல செம மரியாதை.

ஃபெர்மா... பிரான்ஸ்ல சட்ட வேலை பார்த்துக்கிட்டே கணக்குல கலக்கினவர். 1640-ல் ஒரு கடிதத்தில் அவர் எழுதிய விஷயம் இது: ஒரு ப்ரைம் நம்பர், நீங்க எடுத்த எண்ணை வகுக்காதுன்னா, அந்த எண்ணை ‘ப்ரைம் மைனஸ் 1’ அடுக்குக்கு உயர்த்தி 1-ஐக் கழிங்க, வர்றதை அந்த ப்ரைம் வகுத்தே தீரும். 5 ∤ 2. அதனால 2⁴ − 1 = 15, 5 வகுக்குது. அந்த ‘வகுக்காது’ கண்டிஷனை விட்டுட்டு 10-ஐ எடுத்துப் பாருங்க. 10⁴ − 1 = 9999. 5 ∤ 9999. தியரம் காலி!

இப்போ இதையே திருப்புவோம். 9 ப்ரைமா? 2⁸ − 1 = 255. 9-ஆல் வகுத்தா மீதி 3. அதாவது 9 ∤ 255. அப்போ 9 ப்ரைம் இல்லை! 3 × 3-னு காரணியைத் தேடாமலே தீர்ப்பு வந்தாச்சு.

9-க்கு இது ஓவர்தான். ஆனா, 1977-ல் உருவான ஆர்.எஸ்.ஏ. ரகசியப் பூட்டுக்கு, இன்னிக்கு 300 இலக்கத்துக்கும் மேல உள்ள ப்ரைம் நம்பர்கள் வேணும். ஒவ்வொரு எண்ணா வகுத்துப் பார்த்தா சூரியனே அணைஞ்சுடும். அங்கே இந்த மாதிரி டெஸ்ட்தான் கைகொடுக்குது.

இதுல ஒரு ட்விஸ்ட். 341-ஐ எடுங்க. 2³⁴⁰ − 1-ஐ அது மீதியில்லாமல் வகுக்கும். ‘ஆஹா, ப்ரைம்!’னு துள்ளாதீங்க. 341 = 11 × 31. பக்கா ஃப்ராடு! 2-க்குப் பதிலா 3-ஐ அனுப்பினா மாட்டிக்கும்: 341 ∤ 3³⁴⁰ − 1, மீதி 55. தன்னோட பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை அனுப்பினாலும் டபாய்க்கிற 561 மாதிரி கில்லாடிகளும் உண்டு. அதனாலதான் சாஃப்ட்வேர்ல இதைவிடக் கறாரான டெஸ்ட் வெச்சிருக்காங்க.

ஆக, இந்த டெஸ்ட்ல ‘வகுக்கும்’ வந்தா இன்னொரு தடவை விசாரிக்கணும். ∤ வந்தா அப்பீலே கிடையாது!

வீக் எண்ட் வேலை: 15-ஐ முதல்ல 4 வெச்சும், அப்புறம் 2 வெச்சும் டெஸ்ட் பண்ணுங்க. யார்கிட்ட தப்பிக்குது, யார்கிட்ட மாட்டுது?